வழக்கறிஞரை அமர்த்தாமல் மணவிலக்கு: சட்டம் தரும் வழிகள்

சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையில் புத்தூரை அடுத்து வருவது வடமாலபேட்டை. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் எல்லைப்புற மண்டலங்களுள் இதுவும் ஒன்று. 1953 அக்டோபர் 1 ஆம் நாள் ஆந்திர மாநிலம் உருவாகும் வரை சித்தூர் மாவட்டம் சென்னை மாநிலத்தில் இருந்தது. 1960 ஏப்ரல் 1 ஆம் நாள் திருத்தணி வட்டம் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. வடமாலபேட்டைப் பகுதி ஆந்திரப் பிரதேசத்திலேயே நின்றது. 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் அமைந்தபோது இம்மண்டலம் அதில் அடங்கியது. எல்லைக்கோடுகள் இவ்வாறு இடம் மாறினாலும் கொள்வினை கொடுப்பினை மாறவில்லை. திருத்தணியிலும் திருவள்ளூரிலும் சென்னையிலும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இங்கு இன்றும் இயல்பு.

மணம் எளிதில் எல்லையைக் கடந்துவிடுகிறது. அது முறியும்போதுதான் எந்த ஊர் நீதிமன்றம், எந்த மொழி, எவ்வளவு செலவு என்ற கேள்விகள் எழுகின்றன. இவற்றுள் முதலில் அச்சுறுத்துவது வழக்கறிஞர் கட்டணம். அதற்கு அஞ்சிப் பலர் இரண்டு தவறான வழிகளுள் ஒன்றை மேற்கொள்கின்றனர். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் முத்திரைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு மணம் முடிந்துவிட்டதாகக் கருதுவது ஒன்று. எதுவும் செய்யாமல் ஆண்டுக்கணக்கில் பிரிந்தே இருந்துவிடுவது மற்றொன்று. வழக்கறிஞரைப் பணம் கொடுத்து அமர்த்தாமலேயே மணவிலக்குப் பெறச் சட்டம் சில வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது என்பது இவர்களுள் பலருக்குத் தெரிவதில்லை.

முத்திரைத்தாள் மணவிலக்கு ஆகாது

இந்துக்களின் திருமணத்தை நீதிமன்றத்தின் வாயிலாகக் கலைக்கலாம் என்ற பொதுவிதி இப்பகுதிக்கு 1955 க்கு முன்பே வந்துவிட்டது. அந்நாளைய சென்னை மாநிலம் இருதார மணத்தைத் தடுக்கவும் மணவிலக்கை அனுமதிக்கவும் 1949 ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. சித்தூர் மாவட்டம் அப்போது அம்மாநிலத்தின் பகுதியாதலால் அச்சட்டம் இங்கும் செல்லுபடியாயிற்று. 1955 மே 18 ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்துத் திருமணச் சட்டம் அதனை நீக்கி, நாடு முழுமைக்குமான விதிகளை வகுத்தது.

சில சமூகங்களில் ‘தீர்த்துவிடும்’ வழக்கம் சட்டத்திற்கு முன்பே இருந்தது. அத்தகைய வழக்காற்று மணவிலக்கை 1955 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29 ஆம் பிரிவு காப்பாற்றியே வைத்துள்ளது. ஆனால் அவ்வழக்கம் தம் சமூகத்தில் தொன்றுதொட்டு இடையறாது நிலவுகிறது என்பதை, அதனைச் சொல்பவரே சாட்சியங்களால் மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்க இயலாவிட்டால், பெரியவர்கள் முன்னிலையில் எழுதிய தாள் வெறும் தாளே. அதனை நம்பி மறுமணம் செய்தவரின் இரண்டாம் மணம் செல்லாததாகும். அவர்மீது இருமணக் குற்ற வழக்கும் எழலாம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 494 ஆம் பிரிவில் இருந்த இக்குற்றம், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 82 ஆம் பிரிவில் இடம்பெறுகிறது. நோட்டரி முன்னிலையில் எழுதப்படும் மணவிலக்குப் பத்திரத்தின் நிலையும் வேறன்று. திருமணப் பத்திரமோ மணவிலக்குப் பத்திரமோ எழுதிச் சான்றளிக்க நோட்டரிகளுக்கு அதிகாரமில்லை என்று மத்திய சட்ட அமைச்சகம் 2024 இல் தெளிவுபடுத்தியது.

ஜப்பானில் கணவனும் மனைவியும் ஒருமித்து, வயதுவந்த இரு சாட்சிகளின் கையெழுத்துடன் ஒரு படிவத்தை நகராட்சி அலுவலகத்தில் அளித்தால் மணவிலக்கு முடிந்துவிடுகிறது. இங்கிலாந்தில் 2022 ஏப்ரல் 6 முதல் யார் மீதும் குற்றம் சுமத்தாமல், மணம் முறிந்துவிட்டது என்ற கூற்றை மட்டும் கொண்டு விண்ணப்பிக்கலாம். இந்தியச் சட்டம் அவ்வளவு தூரம் செல்லவில்லை. இருவரும் மனமொத்துக் கேட்டாலும், நீதிபதி ஒருவர் விசாரித்து நிறைவடைந்தாலன்றி இந்துத் திருமணச் சட்டத்தின்படி தீர்ப்பாணை கிடையாது. நீதிமன்றத்திற்குப் போகாமல் இருக்க முடியாது. வழக்கறிஞர் இல்லாமல் போக முடியும்.

தாமே வாதாடும் உரிமை

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 3 ஆம் கட்டளை முதல் விதியின்படி, வழக்கின் தரப்பினர் நேரிலோ, அங்கீகரிக்கப்பட்ட முகவர் வாயிலாகவோ, வழக்கறிஞர் வாயிலாகவோ முன்னிலையாகலாம். நேரில் வருவதே இவ்விதியில் முதலில் சொல்லப்பட்டுள்ளது. தம் வழக்கைத் தாமே நடத்துபவர் வழக்கறிஞர் தொழில் செய்பவர் ஆகமாட்டார். ஆகவே 1961 ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் அவருக்குத் தடையன்று.

குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. குடும்ப வழக்குகளைச் சாதாரண உரிமையியல் வழக்குகளைப் போல் நடத்தலாகாது என்று சட்ட ஆணையம் 1974 இல் தன் 59 ஆம் அறிக்கையில் கூறியது. பெண்களின் நிலையை ஆராய்ந்த குழுவும் அதே ஆண்டில் தனி நீதிமன்றங்கள் வேண்டும் என்றது. பத்தாண்டுகள் கழித்து, 1984 இல் அச்சட்டம் நிறைவேறியது. பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள்தொகையுள்ள நகரங்களில் இந்நீதிமன்றத்தை நிறுவுவது மாநில அரசின் கடமை. பிற இடங்களில் தேவை கருதி நிறுவலாம். இதன் 13 ஆம் பிரிவு, குடும்ப நீதிமன்றத்தில் எந்தத் தரப்பினரும் வழக்கறிஞர் வாயிலாக முன்னிலையாவதை உரிமையாகக் கோர முடியாது என்கிறது. நீதியின் பொருட்டுத் தேவை எனக் கருதினால் நீதிமன்றமே சட்ட வல்லுநர் ஒருவரின் உதவியை நாடலாம். சான்றுச் சட்டத்தின் நுட்பங்களும் இங்குத் தளர்த்தப்பட்டுள்ளன. வழக்கின் தீர்வுக்கு உதவும் எந்த அறிக்கையையும் ஆவணத்தையும் நீதிமன்றம் ஏற்கலாம். சாட்சியத்தை விரிவாகப் பதியாமல் அதன் சாரத்தை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

சட்டம் இயற்றியோர் எண்ணியது போல் எல்லாம் நடந்துவிட்டதாகச் சொல்ல இயலாது. நடைமுறையில் அனுமதி பெற்று வழக்கறிஞர்கள் முன்னிலையாவதே பெரும்பாலும் காணப்படுகிறது. வழக்கறிஞரின் இடத்தை ஒழித்த சட்டம், மனு எழுதத் தெரியாதவருக்கு அந்த இடத்தில் யார் துணை நிற்பது என்பதைப் போதிய அளவு சொல்லவில்லை. இந்துத் திருமணச் சட்டம்கூட, மனுவில் என்னென்ன இருக்க வேண்டும் என்று கூறுகிறதேயன்றி, நிரப்பித் தரத்தக்க படிவம் எதையும் தன் இணைப்பாகக் கொண்டிருக்கவில்லை. ஓட்டுநர் உரிமத்திற்கு அச்சுப் படிவம் உண்டு. மணவிலக்குக்கு அச்சட்டத்தில் இல்லை. இந்த இடைவெளியில்தான் நீதிமன்ற வாயிலில் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள்.

எந்த நீதிமன்றம்?

குடும்ப நீதிமன்றத்தின் ஆட்சி எல்லைக்கு உட்பட்ட ஊரானால் மனுவை அங்கேயே தாக்கல் செய்ய வேண்டும். அந்த எல்லைக்கு உட்படாத ஊரானால் மாவட்ட நீதிமன்றமோ, மாநில அரசு இதற்கென அறிவித்துள்ள சார்பு நீதிமன்றமோ மனுவை ஏற்கும். மாவட்ட எல்லைகள் மாறியுள்ள இப்பகுதியில், எந்த நீதிமன்றத்திற்கு எந்த மண்டலம் உட்பட்டது என்பதை நீதிமன்ற அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறிவது நன்று. தவறான நீதிமன்றத்தில் தாக்கல் செய்த மனு திருப்பித் தரப்படும். அதனால் நாட்கள் வீணாகும்.

திருமணம் நடந்த ஊர், எதிர்த்தரப்பினர் வசிக்கும் ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர் ஆகிய மூன்றுள் ஒன்று நீதிமன்ற எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பது 19 ஆம் பிரிவின் பழைய விதி. வடமாலபேட்டையிலிருந்து வாழப்போன ஒரு பெண்ணின் திருமணம் திருத்தணியில் நடந்து, குடித்தனம் சென்னையில் அமைந்து, கணவன் அங்கேயே இருந்துவிட்டால், தாய்வீடு திரும்பிய அவள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் மாநில எல்லையைத் தாண்ட வேண்டியிருந்தது. 2003 ஆம் ஆண்டுத் திருத்தம் இதனை மாற்றியது. மனுவைத் தாக்கல் செய்பவள் மனைவியானால், தாக்கல் செய்யும் நாளில் அவள் வசிக்கும் இடத்து நீதிமன்றமே போதும். பயணப்படியும் நாள்கூலியும் இழந்து அலைந்த பெண்களுக்கு, அண்மைக் காலத் திருத்தங்களுள் இதனைவிடப் பயனுள்ளது மற்றொன்று இல்லை எனலாம். கணவனுக்கு இவ்விதி பொருந்தாது. கணவன் ஒரு மாநிலத்திலும் மனைவி மற்றொரு மாநிலத்திலும் தனித்தனியே வழக்குத் தொடுத்துவிட்டால், மாநிலம் விட்டு மாநிலம் வழக்கை மாற்றுவதற்கு உச்ச நீதிமன்றத்தையே அணுக வேண்டும்.

மொழியும் ஒரு தடையே. கீழமை நீதிமன்றங்களின் மொழியை முடிவு செய்வது மாநில அரசு. ஆந்திரப் பிரதேசத்தின் ஆட்சிமொழி தெலுங்கு. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்ட மனுவில் கையொப்பமிட நேரும். தமிழில் உள்ள திருமணப் பத்திரிகை, கடிதம் போன்றவற்றுக்கு மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டியிருக்கும். தமக்குத் தெரியாத மொழியில் உள்ள பிரமாணப் பத்திரத்தை ஒருவர் உறுதிசெய்யும்போது, அது அவருக்குத் தெரிந்த மொழியில் படித்து விளக்கப்பட்டது என்ற குறிப்பு அதில் இடம்பெறுவது முறை. அக்குறிப்பு சடங்காக எழுதப்படாமல் மெய்யாகவே படித்துக் காட்டப்பட வேண்டும் என்று கேட்பதற்கு எவரும் கூச்சப்படத் தேவையில்லை.

மனமொத்த மணவிலக்கு

வழக்கறிஞர் இன்றி நடத்தத்தக்க வழக்கு எது என்றால், முதலில் சுட்ட வேண்டியது இருவரும் சேர்ந்து கோரும் மணவிலக்கே. 1976 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 13-பி பிரிவு இதற்கு மூன்று நிபந்தனைகளை விதிக்கிறது. தம்பதியர் ஓராண்டோ அதற்கு மேலோ பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். சேர்ந்து வாழ அவர்களால் இயலவில்லை என்றிருக்க வேண்டும். மணத்தைக் கலைத்துக்கொள்ள இருவரும் இசைந்திருக்க வேண்டும். பிரிந்து வாழ்தல் என்பது வேறு வேறு வீடுகளில் இருப்பதையே குறிப்பதன்று. ஒரே கூரையின் கீழ் இருந்தும் கணவன் மனைவியாக வாழாமையும் அதில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991 இல் விளக்கியது. சண்டையை விவரிக்க வேண்டியதில்லை, குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டியதில்லை, குறுக்கு விசாரணை இல்லை. சாதாரண மனிதர் தடுமாறும் இடங்கள் யாவும் இதில் நீங்கிவிடுகின்றன.

மனுவில் இருவரின் பெயர், வயது, தொழில், முகவரி, மணம் நடந்த நாளும் இடமும், மணத்தின்போது இருவரும் மணமாகாதவரா மணவிலக்குப் பெற்றவரா துணையை இழந்தவரா என்பது, கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த முகவரி, பிறந்த குழந்தைகளின் பெயரும் வயதும், பிரிந்த நாள், இந்நீதிமன்றத்திற்கு அதிகாரம் ஏற்படும் காரணம் ஆகியவை வரிசையாக எழுதப்பட வேண்டும். முன்பு வேறு வழக்கு ஏதேனும் நடந்திருந்தால் அதனையும் மறைக்கலாகாது. இருவருக்குமிடையே கள்ளக்கூட்டு இல்லை என்ற கூற்று 20 ஆம் பிரிவின்படி இன்றியமையாதது. இறுதியில், எழுதப்பட்டவை உண்மை என உறுதிகூறி இருவரும் கையொப்பமிட வேண்டும். உடன் இணைப்பவை: திருமணப் பதிவுச் சான்று, அது இல்லையேல் அழைப்பிதழும் ஒளிப்படமும், அடையாளச் சான்றும் வசிப்பிடச் சான்றும், குழந்தைகளின் பிறப்புச் சான்று, ஒப்பந்தம் எழுதப்பட்டிருந்தால் அதன் மூலம், பிரமாணப் பத்திரங்கள், உரிய நீதிமன்றக் கட்டண வில்லை. எல்லாவற்றிலும் தமக்கென ஒரு படி வைத்துக்கொள்வது பிற்பாடு பெரிதும் உதவும்.

மனு அலுவலகத்தில் சரிபார்க்கப்படும். குறை இருந்தால் அதனைக் குறித்துத் திருப்பித் தருவர். குறித்த நாட்களுக்குள் குறை நீக்கி மீண்டும் தாக்கல் செய்ய வேண்டும். மனு திரும்பி வந்ததைத் தள்ளுபடியானதாக எண்ணி வீட்டுக்குப் போய்விடுவோர் உண்டு. வழக்கறிஞர்கள் தாக்கல் செய்யும் மனுக்களும் இவ்வாறு திரும்புவதுண்டு, அது தோல்வியன்று. மனு ஏற்கப்பட்டு எண்ணிடப்பட்ட பின்பு அந்த எண்ணைக் கொண்டு, மின்நீதிமன்றச் சேவைத் தளத்தில் அடுத்த வாய்தா நாளை எவரும் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் கோரிக்கையின்போது இருவரும் நேரில் வந்து வாக்குமூலம் அளிப்பர். மனு தாக்கலான நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குப் பின்னும் பதினெட்டு மாதங்களுக்குள்ளும் இருவரும் சேர்ந்து இரண்டாம் கோரிக்கையை முன்வைக்க வேண்டும். மனம் மாறிச் சேர்ந்து வாழ இடமளிக்கவே இந்த இடைவெளி. இதற்குள் ஒருவர் இசைவைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் மணவிலக்கு வழங்க முடியாது. இசைவு தீர்ப்பாணை நாள் வரை நீடிக்க வேண்டும் என்பதும் 1991 ஆம் ஆண்டுத் தீர்ப்பின் முடிவு. ஆறு மாதக் காத்திருப்பு கட்டாயமானதன்று என்று 2017 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. முதல் கோரிக்கைக்கு முன்பே ஒன்றரை ஆண்டு பிரிந்திருந்து, சமரச முயற்சிகள் யாவும் தோற்று, ஜீவனாம்சமும் குழந்தைப் பொறுப்பும் மெய்யாகவே தீர்க்கப்பட்டு, காத்திருப்பது துன்பத்தை நீட்டிப்பதாக மட்டுமே இருக்குமானால், நீதிமன்றம் அக்காலத்தைத் தள்ளுபடி செய்யலாம். அதற்கான விண்ணப்பத்தை முதல் கோரிக்கைக்கு ஒரு வாரத்திற்குப் பின் அளிக்கலாம். வெளியூரில் இருப்பவரைக் காணொலி வாயிலாக விசாரிக்கவும் அத்தீர்ப்பு இடமளித்தது.

மணம் மீளமுடியாதபடி முறிந்துவிட்டது என்ற ஒரே காரணத்தால் மணவிலக்கு வழங்க உச்ச நீதிமன்றத்திற்கு அரசியலமைப்பின் 142 ஆவது உறுப்பு அதிகாரம் தருகிறது என்று 2023 மே 1 ஆம் நாள் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. அச்செய்தியைப் படித்துவிட்டு, இனி ஒருவர் விரும்பினாலே போதும் என்று எண்ணுவது பிழை. அவ்வதிகாரம் கீழமை நீதிமன்றங்களுக்கு இல்லை. உச்ச நீதிமன்றத்தில் நேரடியாக மனு அளித்து அதனைக் கோரவும் முடியாது.

கையொப்பத்தின் விலை

மனமொத்த மணவிலக்கில் நடைமுறை எளிது. ஆபத்து அதன் நிபந்தனைகளில் இருக்கிறது. வழக்கறிஞர் கட்டணத்தை மிச்சப்படுத்திய ஒருவர், தமக்குப் புரியாத ஒரு வரியில் கையொப்பமிட்டு அதைப்போல் பன்மடங்கை இழக்கலாம். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரி அத்தகையது. இதனை எழுதும் முன் மூன்று கணக்குகள் தனித்தனியே தீர்க்கப்பட்டிருக்க வேண்டும். திருமணத்தின்போது பெண்ணுக்கு அளிக்கப்பட்ட நகையும் பொருளும் அவளுடைய தனிச்சொத்து. கணவன் அதற்குக் காவலனே அன்றி உரிமையாளன் அல்லன் என்பதை உச்ச நீதிமன்றம் 1985 இலேயே உறுதிசெய்தது. நகையைத் திருப்பித் தருவதை ஜீவனாம்சத் தொகையாகக் காட்டுவது, அவள் பொருளை அவளுக்கே விற்பது போன்றது. அடுத்தது ஜீவனாம்சம். 25 ஆம் பிரிவின்படி நிரந்தர ஜீவனாம்சத்தை மொத்தமாகவோ மாதந்தோறுமோ பெறலாம். தீர்ப்பாணைக்குப் பின்னும், மறுமணம் செய்துகொள்ளாத, தன்னைத்தானே பராமரிக்க இயலாத முன்னாள் மனைவி, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125 ஆம் பிரிவாக இருந்து 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144 ஆம் பிரிவாக உள்ள விதியின்கீழ் மாதாந்தரத் தொகை கோரலாம். மூன்றாவது குழந்தைகளின் கணக்கு. பராமரிப்புப் பெறுவது குழந்தையின் சொந்த உரிமை. தாயோ தந்தையோ அதனை விட்டுக்கொடுத்து எழுதினாலும் குழந்தையைக் கட்டுப்படுத்தாது. யாரிடம் வளர்வது, மற்றவர் எப்போது பார்ப்பது, பள்ளிச் செலவு யாருடையது என்பவை தேதியும் தொகையுமாக எழுதப்பட வேண்டும். ‘அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று எழுதுவது அடுத்த வழக்குக்கு வித்திடுவதாகும்.

தொகையை எப்போது கொடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். முழுத் தொகையையும் முன்னதாகக் கொடுத்தவரும், தீர்ப்பாணைக்குப் பின் தருவதாகச் சொன்னதை நம்பியவரும் ஏமாற இடமுண்டு. ஒரு பகுதியை முதல் கோரிக்கையின்போதும், எஞ்சியதை இரண்டாம் கோரிக்கையின்போது நீதிமன்றத்தில் வங்கி வரைவோலையாகவும் அளிப்பது வழக்கத்தில் உள்ள முறை.

எதிர்ப்புள்ள வழக்கு

ஒருவர் மறுக்கும் மணவிலக்கு முற்றிலும் வேறு. கொடுமை, கைவிடுதல், பிறருடன் கூடுதல் போன்ற 13 ஆம் பிரிவின் காரணங்களுள் ஒன்றை மனுதாரர் மெய்ப்பிக்க வேண்டும். கைவிட்டதாகக் கூறினால், மனுவுக்கு முன் இரண்டாண்டுகள் இடைவிடாமல் கைவிடப்பட்டிருக்க வேண்டும். தம் தவற்றினின்று தாமே பயன்பெற முயல்பவருக்கு 23 ஆம் பிரிவு இடந்தராது. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது பயிற்சியால் வரும் கலை. தம் துயரத்தைத் தாமே வாதாடுபவருக்கு அது எளிதில் வாய்ப்பதில்லை. வரதட்சணைக் குற்ற வழக்கோ, 2005 ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்ட வழக்கோ உடன் நடக்குமானால், வழக்கறிஞர் இன்றி இறங்குவது அறிவுடைமை ஆகாது.

மணவிலக்கு அறிவிக்கை கிடைக்கப்பெற்றவர் நிலை இதனினும் கவலைக்குரியது. வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று வாளாவிருந்தால் ஒருதலைத் தீர்ப்பாணை பிறந்துவிடும். குறித்த நாளில் நேரில் சென்று, பதிலுரைக்குக் கால அவகாசம் கோரினாலே அந்த ஆபத்து அப்போதைக்கு நீங்கும். தீர்ப்பாணை பிறந்துவிட்டிருந்தாலும், 9 ஆம் கட்டளை 13 ஆம் விதியின்படி அதனை நீக்கக் கோரலாம். அதற்குரிய காலம் 30 நாட்கள். அறிவிக்கை முறையாகச் சேராதவருக்கு அக்காலம் தீர்ப்பாணையை அறிந்த நாளிலிருந்து தொடங்கும்.

கட்டணமின்றி வழக்கறிஞர்

அமர்த்தாமல் என்பது வேறு, இல்லாமல் என்பது வேறு. அரசியலமைப்பில் 1976 ஆம் ஆண்டின் 42 ஆவது திருத்தம் சேர்த்த 39-ஏ உறுப்பு, இலவசச் சட்ட உதவியை அரசின் நெறியாக்கியது. அதனைச் செயற்படுத்தும் 1987 ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 12 ஆம் பிரிவின்படி, பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்கப்படுவதில்லை. கணவன் வீட்டில் வசதியாக இருந்தவள் என்ற காரணத்தைச் சொல்லி ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்ப இச்சட்டம் இடம் தரவில்லை. பிற ஆண்கள் மாநில அரசு வகுத்த வருமான வரம்புக்குள் இருக்க வேண்டும். வழக்கறிஞர், நீதிமன்றக் கட்டணம், ஆவணங்களைத் தயாரித்தல், மொழிபெயர்த்தல் ஆகியவற்றின் செலவும் இவ்வுதவியில் அடங்கும். எல்லைப்புறத் தமிழருக்கு மொழிபெயர்ப்புச் செலவு ஏற்கப்படுவது சிறிய சலுகையன்று.

விண்ணப்பிக்க வேண்டிய இடம் நீதிமன்ற வளாகத்திலேயே இயங்கும் மண்டல அல்லது மாவட்டச் சட்டப் பணிகள் அமைப்பு. வெள்ளைத்தாளில் எழுதித் தந்தாலும் போதும். எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகக் கூறுவதைப் பதிந்துகொள்வர். 15100 என்ற தேசிய உதவி எண்ணிலும் கேட்கலாம். கிராமச் செயலகப் பணியாளர்களும் அங்கன்வாடி ஊழியர்களும் இந்த ஒரு செய்தியை வீடுதோறும் சொன்னால், முத்திரைத்தாள் எழுதிக் கொடுப்போருக்கு வேலை குறையும்.

அதிகம் பயன்படுத்தப்படாத வழி ஒன்றும் உண்டு. சொந்த வருவாய் இல்லாத தரப்பினர், கணவனாயினும் மனைவியாயினும், வழக்குச் செலவையும் இடைக்காலப் பராமரிப்பையும் மற்றவரே தர ஆணையிடுமாறு 24 ஆம் பிரிவின்படி கோரலாம். அறிவிக்கை சார்வு செய்யப்பட்டதிலிருந்து இயன்றவரை 60 நாட்களுக்குள் இவ்விண்ணப்பம் முடிக்கப்பட வேண்டும் என்பது 2001 ஆம் ஆண்டுத் திருத்தம்.

மேலே கூறியவை இந்துத் திருமணச் சட்டத்திற்கு உட்பட்டவர்களுக்கு உரியவை. 1954 ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் மணந்தவர்களுக்கு 28 ஆம் பிரிவு ஏறத்தாழ இதே வழியைத் தருகிறது. கிறித்தவர்களுக்கு 2001 இல் சேர்க்கப்பட்ட 10-ஏ பிரிவு இரண்டாண்டுப் பிரிவைக் கேட்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2010 இல் அதனை ஓராண்டாகக் கொண்டது. இசுலாமியர்களுக்கு உரிய விதிகள் தனியானவை.

தீர்ப்பாணை பிறந்ததும் அதன் படி ஒன்று ஒவ்வொரு தரப்பினருக்கும் கட்டணமின்றித் தரப்பட வேண்டும் என்பது 23 ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு. பலர் இதனைக் கேட்டு வாங்காமலே திரும்பிவிடுகின்றனர். மேல்முறையீட்டுக் காலம் இந்துத் திருமணச் சட்டத்தில் 90 நாட்கள். குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தில் 30 நாட்கள். இருவர் இசைவால் குடும்ப நீதிமன்றத்தில் பிறந்த தீர்ப்பாணைக்கு மேல்முறையீடு இல்லை. எதிர்ப்புள்ள வழக்கில் தீர்ப்பாணை பெற்றவர் மறுமணம் செய்யும் முன் 90 நாட்களும் கழியும்வரை பொறுத்திருந்து, மேல்முறையீடு எதுவும் தாக்கலாகவில்லை என்பதை நீதிமன்றப் பதிவில் பார்த்துக்கொள்ள வேண்டும்.